கடல்நீர் மீன்தொட்டியில் ஓசோன் கட்டுப்பாடு

கடல்நீர் மீன்தொட்டியில் ஓசோன் கட்டுப்பாடு என்பது, தொட்டி நீரைத் தெளிவாக்குவதற்காகச் செலுத்தப்படும் ஓசோன் வளிமத்தின் அளவை, மீன்களுக்கும் பவளங்களுக்கும் அருகிலுள்ள மனிதருக்கும் தீங்கு நேராதவாறு வரையறுக்கும் முறைகளைக் குறிக்கும். ஓசோன் மூன்று ஆக்சிசன் அணுக்களைக் கொண்ட மூலக்கூறு. வலிமை மிக்க ஆக்சிசனேற்றி. வேதியியலாளர் கிறிஸ்டியான் சோன்பைன் 1840 ஆம் ஆண்டில் இதற்குப் பெயரிட்டார். "மணத்தல்" என்னும் பொருள்கொண்ட கிரேக்கச் சொல்லிலிருந்து இப்பெயர் வந்தது.

பயன்பாடு

மூடிய தொட்டியில் உணவு எச்சங்களும் கழிவுகளும் சிதைவதால் உண்டாகும் கரிமச் சேர்மங்கள் நீருக்கு மஞ்சள் நிறத்தைத் தருகின்றன. ஓசோன் இச்சேர்மங்களின் நிறம் தரும் பிணைப்புகளை உடைக்கிறது. இதனால் நீர் தெளிவடைகிறது. பவளங்களுக்குக் கூடுதல் ஒளி கிடைக்கிறது. பெரிய பொது மீன்காட்சியகங்களில் தனிக் கலனில் உயர்ந்த செறிவில் ஓசோனைக் கலந்து நோய்க்கிருமிகளையும் குறைக்கின்றனர். வீட்டுத் தொட்டிகளில் பயன்படும் சிறிய அளவு நீரைக் கிருமிநீக்கம் செய்யப் பெரும்பாலும் போதாது.

கடல்நீரில் நிகழும் வினை

நன்னீரில் ஓசோன் சிறிது நேரம் நிலைத்திருந்து ஆக்சிசனாகச் சிதைகிறது. கடல்நீரில் நிலைமை வேறு. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 65 மில்லிகிராம் புரோமைடு உள்ளது. ஓசோன் இதனுடன் சில நொடிகளிலேயே வினைபுரிந்து ஐப்போபுரோமசு அமிலத்தையும் ஐப்போபுரோமைட்டையும் உண்டாக்குகிறது. இவை ஓசோனைவிட நீண்ட நேரம் நீரில் தங்குபவை. ஆகவே தொட்டிக்குள் சென்று உயிரினங்களைப் பாதிப்பது பெரும்பாலும் ஓசோன் அன்று. அதிலிருந்து பிறந்த புரோமின் சேர்மங்களே. மீன் குஞ்சுகளும் இளவுயிரிகளும் லிட்டருக்கு ஒரு மில்லிகிராமின் நூற்றில் சில பங்குகள் அளவிலேயே பாதிக்கப்படக் கூடும்.

அளவீடும் அதன் வரம்பும்

ஓசோனைக் கட்டுப்படுத்தப் பொதுவாக ஆக்சிசனேற்ற-ஒடுக்க மின்னழுத்தம் (சுருக்கமாக ஓ.ஆர்.பி.) அளக்கப்படுகிறது. இதன் அலகு மில்லிவோல்ட். கடல்நீர்த் தொட்டிகளில் 300 முதல் 400 வரையிலான அளவு வழக்கமானது. கட்டுப்படுத்தும் கருவியில் ஒரு மேல் எல்லையைக் குறித்து வைத்தால், அவ்வெல்லையை எட்டியதும் அது ஓசோன் ஆக்கியை நிறுத்திவிடும்.

இந்த மின்னழுத்தம் ஓசோனின் செறிவைக் காட்டுவதில்லை. நீரில் உள்ள ஆக்சிசனேற்றிகளுக்கும் ஒடுக்கிகளுக்கும் இடையேயான நிலையை மட்டுமே காட்டுகிறது. காரத்தன்மை உயர்ந்தால் இது குறையும். தொட்டியில் சேர்க்கப்படும் வேறு வேதிப்பொருள்களாலும் மாறும். மின்முனையில் பாசிப் படலம் படிந்தால் அளவீடு மெதுவாகவும் பிழையாகவும் மாறும். உண்மையான அளவு உயர்ந்திருக்கும்போது மின்முனை குறைவாகக் காட்டினால், கருவி ஓசோனைத் தொடர்ந்து செலுத்திக் கொண்டே இருக்கும். எனவே பாதுகாப்பை இந்த ஒரு கருவியிடம் மட்டும் ஒப்படைத்தல் கூடாது. கருவி பழுதானாலும் தீங்கு நேராதவாறு அமைப்பை வடிவமைப்பதே இன்றியமையாதது.

பாதுகாப்பு முறைகள்

ஆக்கியின் திறன்: வீட்டுத் தொட்டிகளில் 100 லிட்டருக்கு மணிக்கு 5 முதல் 15 மில்லிகிராம் வரை ஓசோன் செலுத்துவது வழக்கம். மணிக்கு 10 மில்லிகிராம் என்று கொண்டால், 300 லிட்டர் தொட்டிக்கு மணிக்கு 30 மில்லிகிராம் போதும். அத்தொட்டிக்கு 200 மில்லிகிராம் திறனுள்ள ஆக்கியைப் பொருத்தினால், கருவி பழுதாகும் நாளில் தேவையைப் போல் ஏறத்தாழ ஏழு மடங்கு ஓசோன் சென்றுவிடும். தேவைக்கேற்ற சிறிய ஆக்கியே முதல் பாதுகாப்பு.

கலக்கும் இடம்: ஓசோனை உயிரினங்கள் உள்ள தொட்டியில் நேரடியாகக் குமிழவிடக் கூடாது. புரத நுரைபிரிப்பானிலோ தனிக் கலனிலோ கலக்க வேண்டும். அக்கலனுக்கு நீர் அனுப்பும் பம்பு நின்றால் ஆக்கியும் நிற்குமாறு மின்னிணைப்பு அமைய வேண்டும்.

கிளர்வுற்ற கரி: கலனை விட்டு வெளியேறும் நீரைக் கரியின் ஊடாகச் செலுத்தினால், எஞ்சிய ஓசோனும் ஐப்போபுரோமைட்டும் சிதைகின்றன. வெளியேறும் காற்றும் கரியின் ஊடாகவே செல்ல வேண்டும். கரியின் திறன் நாளடைவில் குறைவதால் அதைக் குறித்த காலத்தில் மாற்றுதல் வேண்டும்.

உலர்ந்த காற்று: மின்னிறக்க முறையில் இயங்கும் ஆக்கியில் ஈரக்காற்று புகுந்தால் ஓசோன் உற்பத்தி குறையும், நைட்டிரிக் அமிலமும் உண்டாகும். சிலிக்கா களி நிரப்பிய உலர்த்தி இதைத் தடுக்கும்.

குழாய்கள்: இயற்கை இரப்பர் ஓசோனால் வெடித்துவிடும்; சிலிக்கோன் குழாய் ஓரளவு தாங்கும். நீர் பின்னோக்கி ஆக்கிக்குள் ஏறாதிருக்க ஒருவழி வால்வு தேவை.

நீர்ச் சோதனை: நீச்சல் குளங்களில் மொத்தக் குளோரினை அளக்கப் பயன்படும் நிறமாற்றச் சோதனைப் பொருள் புரோமினுடனும் வினைபுரியும். கரியைத் தாண்டி வரும் நீரில் நிறம் தோன்றினால் ஓசோனை உடனே நிறுத்த வேண்டும். நிறம் தோன்றாமை மட்டும் முழு உறுதி ஆகாது. மிகச் சிறிய அளவுகள் இச்சோதனையில் புலப்படாமல் போகலாம்.

மனிதர் மீதான விளைவு

ஓசோன் நுரையீரலை உறுத்தும் வளிமம்; ஆத்துமா உள்ளவர்களுக்கு மேலும் தீங்கானது. ஐக்கிய அமெரிக்காவில் பணியிடக் காற்றில் 8 மணி நேரச் சராசரியாகப் பத்து இலட்சத்தில் 0.1 பங்கு வரையே அனுமதிக்கப்படுகிறது. இதற்கும் குறைந்த அளவிலேயே பெரும்பாலோர் இதன் மணத்தை உணர்வர். ஆனால் மூக்கு விரைவில் அம்மணத்துக்குப் பழகிவிடும். எனவே, மணம் மறைந்ததைக் கொண்டு ஓசோன் நீங்கியதாகக் கருதக் கூடாது. மணம் தெரிந்தவுடன் ஆக்கியை நிறுத்திச் சன்னல்களைத் திறந்து, கசிவையும் கரியையும் சோதிக்க வேண்டும்.

தொடங்கும் முறை

ஓசோன் செலுத்துவதற்கு முன் சில நாட்கள் மின்னழுத்தத்தைக் குறித்து வைத்தால் தொட்டியின் இயல்பு நிலை தெரியவரும். பின்னர் மிகக் குறைந்த அளவில் தொடங்கிப் படிப்படியாக உயர்த்தலாம். மின்னழுத்தம் அதிகம் உயராமலேயே நீர் தெளிவடைவதும் உண்டு. அந்நிலையில் எண்ணை உயர்த்துவதற்காக ஓசோனைக் கூட்ட வேண்டியதில்லை.

இவற்றையும் பார்க்கவும்

ஓசோன்
புரோமின்
ஆக்சிசனேற்ற-ஒடுக்க வினை