கடைசி நாலு நம்பர்

கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் லாரியை முழு நம்பர் சொல்லி யார் கேட்கிறார்கள்? “4512 உள்ளே வந்துருச்சாண்ணே?” அவ்வளவுதான். கேட் பதிவேடு கம்ப்யூட்டருக்கு மாறிய பிறகும் பழக்கம் மாறவில்லை. தேடும் பெட்டியிலும் அந்த நாலு இலக்கத்தைத்தான் தட்டுகிறார்கள். முதல் வருஷம் பட்டென்று வந்த பதில், பதிவுகள் லட்சக்கணக்கில் சேர்ந்ததும் சுற்றிக்கொண்டே நிற்கிறது.

உடனே சர்வரை மாற்றச் சொல்ல ஆள் வருவார்கள். பொறுங்க தம்பி, டீயைக் குடிங்க. நம்பருக்கு இண்டெக்ஸ் போட்டிருக்கிறீர்கள், சரி. அது முன்னாலிருந்து அடுக்கியது. டிஎன் 58 என்று தொடங்கும் மதுரை தெற்கு வண்டிகள் ஓரிடத்தில் இருக்கும், அடுத்து 59, மதுரை வடக்கு. 4512 என்று முடிகிறவையோ எல்லா ஊர் வண்டிகளுக்குள்ளும் சிதறிக் கிடக்கும். லைக் தேடலில் முன்னால் சதவீதக் குறி வைத்தால், எங்கே தொடங்குவது என்று டேட்டாபேஸுக்குத் தெரியாது. மொத்த வரிகளையும் படித்துத் தீர்க்கும். போஸ்ட்கிரெஸில் எக்ஸ்ப்ளெயின் அனலைஸ் போட்டால் ‘சீக் ஸ்கேன்’ என்று அதுவே ஒப்புக்கொள்ளும்.

கடைசி நாலு மட்டும் போதுமென்றால் வேலை சுலபம். ரிவர்ஸ் ஃபங்ஷனால் நம்பரைத் திருப்பி, அதன்மேல் இண்டெக்ஸ் கட்டுங்கள். தேடும்போதும் திருப்பித்தான் தேட வேண்டும்: 2154 என்று தொடங்குவது. இண்டெக்ஸ் கட்டும்போது டெக்ஸ்ட் பேட்டர்ன் ஆப்ஸ் சேர்க்க மறந்தால், சி லொகேல் அல்லாத டேட்டாபேஸ் லைக் தேடலுக்கு அந்த இண்டெக்ஸைத் தொடாது. பலர் தடுக்கி விழுவது இங்கேதான்.

பார்ட்டி பெயர் வேறு கதை. திருமங்கலத்தை ஆங்கிலத்தில் ஒருவர் ‘டி’ மட்டும் போட்டு அடித்திருப்பார், இன்னொருவர் கூடவே ‘எச்’சும் சேர்த்திருப்பார். நடுத்துண்டை வைத்துத் தேடினால்தான் இரண்டும் சிக்கும். அதற்கு மாஸ்கோக்காரர்கள் ஒலெக் பார்துனோவ், தியோடர் சிகாயேவ் எழுதிய பிஜி டிரைகிராம் என்ற எக்ஸ்டென்ஷன் இருக்கிறது. சொல்லை மும்மூன்று எழுத்தாக நறுக்கி, எந்தத் துண்டு எந்த வரியில் என்று ஜின் இண்டெக்ஸில் குறித்துவைக்கும். ஆங்கில எட்டெழுத்தில் ‘மங்கலம்’ என்று தேடினால் எம்ஏஎன், ஏஎன்ஜி என ஆறு துண்டு. ஆறும் உள்ள வரிகளை மட்டும் எடுத்து, அதே வரிசையில் அமைந்திருக்கிறதா என்று மறுபடி சரிபார்க்கும். லைக் தேடலுக்கு இது கைகொடுக்கத் தொடங்கியது 2011-இல் வந்த போஸ்ட்கிரெஸ் 9.1 பதிப்பில்.

இரண்டே எழுத்து கொடுத்தால் துண்டே தேறாது. மறுபடி பழைய நொண்டி நடை. திரையிலேயே மூன்று எழுத்தாவது கேட்டுவிடுங்கள். ஜின் இண்டெக்ஸ் இடத்தையும் தின்னும், ஒவ்வொரு புதுப் பதிவையும் கொஞ்சம் தாமதப்படுத்தும். யாரும் தேடாத ஃபீல்டுக்கெல்லாம் போடாதீர்கள்.

பகலில் சும்மா கட்டிவிடவும் கூடாது. இண்டெக்ஸ் முடியும்வரை அந்த டேபிளில் எழுதும் வேலை எல்லாம் நிற்கும், கேட்டில் லாரியும் நிற்கும். கன்கரன்ட்லி என்று சேர்த்துக் கட்டினால் நேரம் அதிகம் எடுக்கும், ஆனால் பதிவு நிற்காது. நடுவில் முறிந்தால் செல்லாத இண்டெக்ஸ் ஒன்று மிச்சம் கிடக்கும்; அதை டிராப் செய்துவிட்டு மறுபடி முதலிலிருந்து கட்டணும்.