நல்ல புளிமரம் வெட்டுப்படும் முன்

உங்கள் வரப்பில் தாத்தா காலத்துப் புளிமரம் நிற்கிறதா? வீட்டில் உள்ளவர்கள் 'நம்ம மரத்துப் புளி மாதிரி வராது' என்கிறார்களா? அப்படியானால் அதன் கொட்டையைப் போட்டு வளர்த்தால் அதே மரம் வந்துவிடும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். புளியில் அயல் மகரந்தச் சேர்க்கைதான் அதிகம். தாய் மரம் எது என்று தெரியும். பூச்சி எந்த மரத்து மகரந்தத்தைக் கொண்டுவந்தது என்று தெரியாது. கொட்டைக் கன்று எப்படிக் காய்க்கும் என்பதை அறிய 8, 10 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்.

சேதராப்பட்டு தொழிற்பேட்டை வந்த ஊர். நிலம் மனையானாலும், சாலை அகலமானாலும் முதலில் போவது மரம்தான். அதற்குள் ஒட்டுக் கட்டிவிடுங்கள்.

முதலில் மரத்தைச் சோதியுங்கள். 1 கிலோ பழத்தை ஓடு, கோது, கொட்டை நீக்கி எடை போடுங்கள். சதை 400 கிராமுக்கு மேல் நின்றால் நல்ல மரம். புளி ஓர் ஆண்டு காய்த்து மறு ஆண்டு ஏமாற்றும் என்பதால், இரண்டு மூன்று ஆண்டுக் காய்ப்பைப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

எந்த மரத்துக் கொட்டையானாலும் இரவு ஊறவைத்துப் பையில் முளைக்கவிடுங்கள். கன்று பென்சில் கனம் வந்ததும், தாய் மரத்தில் அதே கனமுள்ள நுனிக்கிளையைத் தேர்ந்தெடுத்து இலைகளைக் கிள்ளிவிடுங்கள். ஒரு வாரம் கழித்து மொட்டு பருத்திருக்கும். அந்தக் குச்சியை வெட்டி, கன்றின் தண்டைப் பிளந்து ஆப்புபோலச் செருகி, பாலிதீன் நாடாவால் இறுக்கிக் கட்டுங்கள். ஒட்டுக்குக் கீழே வரும் துளிரை விட்டுவைத்தால் உழைப்பு வீண்; அது கொட்டைக் கன்றின் துளிர். கை பழகாதவர்கள் குரும்பாபேட்டில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் யோசனை கேட்கலாம்.

நல்ல தாய் மரமே இல்லையென்றால், பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம். 1 ஒட்டுக்கன்றை வாங்குங்கள். ஒட்டுக்கன்று நான்கைந்து ஆண்டுகளில் காய்ப்புக்கு வரும்.

நம் செம்மண் மேட்டுக்குப் புளி ஏற்றது. 10 மீட்டர் இடைவெளியில் ஏக்கருக்கு 40 கன்று. ஒரு மீட்டர் ஆழ, அகலக் குழியில் 15 கிலோ தொழு உரத்தை மேல்மண்ணோடு கலந்து நிரப்பி நடுங்கள்.

கன்று சிறிதாக இருக்கும்வரை இடையில் மல்லாட்டை போடலாம். ஆனால் காய்க்கத் தொடங்கிய பிறகு ஒன்றைக் கவனியுங்கள். புளியங்கொட்டையைத் துளைக்கும் வண்டுதான், சேமித்து வைத்த மல்லாட்டையையும் துளைக்கிறது. மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் பழங்களை அவ்வப்போது பொறுக்கி அப்புறப்படுத்துங்கள். விதை மல்லாட்டை மூட்டையையும் ஓட்டோடு உள்ள புளியையும் ஒரே அறையில் அடுக்காதீர்கள்.