எளிய வாழ்வின் நூல்கள் – 14: கல்லுப்பட்டிக் கணக்காளர்

சென்ற வாரம் தோரோவை வால்டன் குளத்தங்கரையில் விட்டுவிட்டு வந்தோம். எளிய வாழ்வு என்றதுமே நம் வாசகர்களுக்கு அவர்தான் நினைவுக்கு வருகிறார். எனக்கு அதில் சின்ன மனத்தாங்கல் உண்டு. விருதுநகரில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம் டி.கல்லுப்பட்டிக்கு. அங்குள்ள காந்தி நிகேதன் ஆசிரமத்தில்தான் ஜே.சி.குமரப்பா தம் கடைசிக் காலத்தைக் கழித்தார். தஞ்சாவூரில் பிறந்து, லண்டனில் கணக்கியல் படித்து, பம்பாயில் ஆடிட்டராக இருந்தவர். கோட்டு சூட்டு மனிதர். 1929-ல் காந்தியைச் சந்தித்த பிறகு கதருக்கு மாறினார்.

ஜபல்பூர் சிறையில் அவர் எழுதிய ‘எகானமி ஆஃப் பெர்மனன்ஸ்’, 1945-ல் காந்தியின் முன்னுரையோடு வந்தது. புலி ஆட்டை அடித்துத் தின்கிறது. குரங்கு, தான் வைக்காத தோப்பில் பழம் பறிக்கிறது. தேனீ கூட்டுக்காகச் சேர்க்கிறது. தாய்ப்பறவை குஞ்சுக்கு ஊட்டிவிட்டுக் கணக்குக் கேட்பதில்லை. மனிதர்களின் பிழைப்பையும் இப்படித்தான் வகை பிரிக்கிறார். ஆடிட்டர் புத்தி போகுமா! தாய்ப்பறவை வரும் இடத்தில் மட்டும் எனக்கு நம்பிக்கை தளர்கிறது.

என்னைப் பிடித்துக்கொண்டது வேறோர் இடம். ஒரு பொருள் எப்படிச் செய்யப்பட்டது என்று விசாரிப்பது வாங்குகிறவர் கடமை, கொடுமையில் விளைந்ததை வாங்கினால் அந்தக் கொடுமையில் நமக்கும் பங்குண்டு என்கிறார். உள்ளூர்ப் பொருளை வாங்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்: பக்கத்தில் இருந்தால்தான் விசாரிக்க முடியும்.

விருதுநகர், சிவகாசிக்காரர்கள் விசாரிக்க எங்கும் போக வேண்டாம். 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். மழை பொய்த்த சீமைக்கு அது சோறு போட்டது. இயந்திரம் குறைவு, கைவேலை அதிகம், பெட்டி ஒட்டும் வேலை வீட்டுத் திண்ணைக்கே வரும். மேலோட்டமாகப் பார்த்தால் குமரப்பா கேட்ட கிராமத் தொழில்தான். அந்தக் கைகளில் பல, குழந்தைகளின் கைகள். எம்.சி.மேத்தா தொடுத்த வழக்கில், குழந்தையை வேலைக்கு வைத்தவர் தலைக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடித்ததில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

சாயங்காலம் வெடி ஆபீஸ் வேனிலிருந்து இறங்கும் பெண்களைப் பாருங்கள். தூக்குச்சட்டி பிடித்த விரல் ரேகைகளில் அலுமினியத் தூள் வெள்ளியாக மின்னும். கூலி பெரும்பாலும் உருப்படிக் கணக்கு. கை விரைந்தால் காசு. மருந்துக்கோ விரைவும் ஆகாது, உராய்வும் ஆகாது. விபத்துக்கான காரணங்களில் ஒன்று கூலிச் சீட்டிலேயே எழுதியிருக்கிறது.

2018-ல் உச்ச நீதிமன்றம் சரவெடியைத் தடுத்தது, பேரியத்தையும் தடுத்தது. காற்றுக்கு நல்லதுதான். சரம் பின்னிக் குடும்பம் நடத்தியவள் என்ன செய்வாள்? செக்கு, நெல் குத்துதல் என்று அன்றாடத் தேவையைச் சுற்றித் தொழில்களை அமைக்கச் சொன்னார் குமரப்பா. எண்ணெய் மில்களின் ஊரான விருதுநகர் அன்று சிரித்திருக்கும். இன்று மரச்செக்கு எண்ணெய்க்குக் கூடுதல் விலை. ஆனாலும் ஒரு வட்டாரத்தையே செக்கடிக்கு அனுப்ப முடியுமா என்ற கேள்விக்கு அவர் நூலில் எனக்குப் பதில் கிடைக்கவில்லை.

அந்தக் கேள்வியை வேறு வழியில் அணுகியவர் ஷூமாக்கர். 1973-ல் வந்த ‘ஸ்மால் இஸ் பியூட்டிஃபுல்’ நூலில் குமரப்பாவை மேற்கோள் காட்டுகிறார். அதை அடுத்த வாரம் பார்ப்போம்.