தாதியரின் பயிற்சி ஒப்பந்தமும் இடைவிலகலின் விலையும்

ஐக்கிய அமெரிக்காவில் தாதியர் கல்வியை நிறைவு செய்து வெளியேறும் யுவதி ஒருவருக்கு முதலாவது நியமனக் கடிதம் கிடைக்கும்போது, அதனுடன் வேறு பல பத்திரங்களும் சேர்ந்தே வருகின்றன. காப்புறுதி, ஓய்வூதியச் சேமிப்பு, தடுப்பூசி விபரம் என நீளும் அக்கட்டின் நடுவே ஒரு பத்திரம் வேறு தொனியில் பேசுகிறது. பயிற்சியின் பின்னர் இரண்டு ஆண்டுகள் இவ்வைத்தியசாலையிலேயே பணியாற்றுவேன் என்றும், தவறினால் பயிற்சிச் செலவாக இத்தனை ஆயிரம் டொலரைத் திருப்பிச் செலுத்துவேன் என்றும் அது உறுதிமொழி கேட்கிறது. வேலை கிடைத்த மகிழ்ச்சியில் அதனை ஊன்றிப் படிப்போர் குறைவு. ஆறு மாதங்கள் கழித்து, இரவுக் கடமையில் தாங்கமுடியாத எண்ணிக்கையிலான நோயாளர்களைத் தனித்துப் பார்க்க நேரிட்டு, இனி இங்கு இருக்க இயலாது என்று அவர் எண்ணும் வேளையிலேயே அப்பத்திரம் நினைவுக்கு வருகின்றது.

இத்தகைய பிணைமுறி எமக்கும் புதிதன்று. எமது பல்கலைக்கழக விரிவுரையாளர்கள் உயர்கல்விக்காக வெளிநாடு செல்லும்போது முறியில் ஒப்பமிடுவதும், அவர்கள் திரும்பி வராதபோது பிணை நின்ற சக விரிவுரையாளர்கள் சிக்கலுக்குள்ளாவதும் நாம் அறிந்தவையே. எனினும் இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு முக்கியமானது. விரிவுரையாளருக்குச் சம்பளத்துடன் விடுமுறை கிடைக்கிறது. அக்காலத்தில் அவர் பெறும் பட்டம் உலகெங்கும் செல்லுபடியாகின்றது. அமெரிக்கத் தாதியோ தமது பட்டத்துக்கான செலவை, பெரும்பாலும் கடன்பட்டு, தாமே ஏற்கெனவே செலுத்தி முடித்தவர். தேசிய அனுமதிப் பரீட்சையில் சித்தியெய்தி, மாநிலத்தின் பதிவையும் பெற்ற பின்னரே அவர் நோயாளரின் படுக்கையருகே நிற்கின்றார். சட்டத்தின் கண்ணில் அவர் முழுமையான தாதி.

அவ்வாறாயின் பயிற்சி எதற்கு என்ற கேள்வி எழும். வகுப்பறைக்கும் விடுதிக்கும் இடையிலுள்ள தூரம் பெரிது. இந்த அதிர்ச்சியையே மார்லின் கிராமர் என்ற ஆய்வாளர் 1974 ஆம் ஆண்டு வெளிவந்த தமது நூலில் விரிவாக ஆராய்ந்தார். புதிய தாதியர் பலர் தொழிலையே கைவிடுவதற்கு அதுவே காரணம் என்பது அவரது கருத்து. 2010 ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவ நிறுவகமும், புதிய தாதியருக்கு வதிவிடப் பயிற்சி அவசியம் என்று பரிந்துரைத்தது. இன்று அனேக வைத்தியசாலைகளில் புதியவர் ஒருவர் அனுபவமிக்க தாதி ஒருவரின் அருகில் வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ பணியாற்றிய பின்னரே தனித்து விடப்படுகின்றார். அக்காலத்தில் ஒருவரின் வேலைக்கு இருவருக்குச் சம்பளம் செல்கிறது. பழகி முடிந்ததும் அவர் அயல் வைத்தியசாலைக்குப் போய்விட்டால் நட்டம் தமக்கே என்று நிர்வாகங்கள் கூறுவதில் நியாயம் இல்லை எனக் கூறிவிட முடியாது.

ஆனால் அறவிடப்படுவது எதற்கான விலை என்பதிலேயே பிணக்கு ஆரம்பமாகின்றது. மருந்து அலுமாரி எங்கே இருக்கிறது, நோயாளர் பதிவைக் கணினியில் எவ்வாறு இடுவது, இரத்தம் ஏற்றுவதற்கு இவ்வைத்தியசாலையின் நடைமுறை யாது என்பவை பயிற்சியின் பெரும்பகுதியாக இருப்பின், அவை எந்தத் தொழில் வழங்குநரும் புதிய ஊழியருக்குத் தமது செலவில் கற்பிக்க வேண்டியவையே. வெளியேறும் தாதியால் அவற்றை வேறிடத்துக்கு எடுத்துச் செல்ல முடியாது. மேலும், பல ஒப்பந்தங்களில் குறிக்கப்படும் தொகைக்கும் உண்மையான செலவுக்கும் உள்ள தொடர்பு காட்டப்படுவதேயில்லை. சில ஒப்பந்தங்களில் இருபத்து மூன்று மாதங்கள் பணியாற்றியவரும் மூன்று மாதங்கள் பணியாற்றியவரும் ஒரே தொகையைச் செலுத்த வேண்டியுள்ளது. இவ்வொப்பந்தப் பிரிவின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் பொறி என்று பொருள்படும் சொல்லே கிடைக்கின்றது. விமர்சகர்கள் அப்பெயரை விரும்பிப் பயன்படுத்துவதில் வியப்பில்லை.

அமெரிக்காவின் தேசிய தாதியர் சங்கம் 1,698 தாதியரிடம் நடத்தி 2022 இல் வெளியிட்ட ஆய்வில், 589 பேர் கட்டாயப் பயிற்சித் திட்டத்தில் சேர்க்கப்பட்டதாகவும், 326 பேர் குறித்த காலத்துக்கு முன்னர் விலகினால் பணம் செலுத்த வேண்டியிருந்ததாகவும் தெரிவித்தனர். இது ஒரு தொழிற்சங்கத்தின் ஆய்வு என்பதையும் மனதிற் கொள்ள வேண்டும். ஆயினும் சங்கம் சுட்டிக்காட்டும் ஆபத்து புறக்கணிக்கத்தக்கதன்று. விலகிச் செல்ல முடியாத தாதி, ஆளணிப் பற்றாக்குறையைப் பற்றி வாய் திறக்கவும் தயங்குவார். வேலை நீக்கம் செய்யப்பட்டாலும் பணம் கட்ட வேண்டும் என்று ஒப்பந்தம் கூறுமிடத்து அத்தயக்கம் இரட்டிப்பாகும். அதன் விளைவைச் சுமப்பவர் படுக்கையில் கிடக்கும் நோயாளியே.

ஒப்பந்தத்தை இடையில் முறித்தால் சிறை செல்ல நேரிடுமா, தாதியர் பதிவு பறிபோகுமா என்ற அச்சம் இளையோரிடம், குறிப்பாக வெளிநாட்டிலிருந்து சென்றவர்களிடம், பரவலாக உண்டு. இதற்கு நியூயோர்க் மாநிலத்தில் நடந்த வழக்கொன்று தெளிவான விடை தருகின்றது. அது பயிற்சி ஒப்பந்தம் பற்றியதன்று. பிலிப்பைன்ஸிலிருந்து மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் அழைத்துவரப்பட்ட தாதியர் பற்றியது. 2006 ஏப்ரலில், லோங் ஐலண்ட் பகுதியிலுள்ள பராமரிப்பு நிலையமொன்றில், தமக்கு அளித்த வாக்குறுதிகள் மீறப்பட்டதாகக் கூறி பத்துத் தாதியர் ஏறத்தாழ ஒரே நேரத்தில் பதவி விலகினர். அங்கே செயற்கைச் சுவாசத்தின் துணையுடன் வாழ்ந்த சிறுவர்களும் இருந்தனர். எவரும் கடமை நேரத்தின் நடுவே வெளியேறவில்லை என்பதால் தொழில் ஒழுக்கமீறல் நிகழவில்லை என்று மாநிலக் கல்வித் திணைக்களம் தீர்மானித்தது. இருந்தும் 2007 இல் அத்தாதியர் மீதும், ஆலோசனை வழங்கிய சட்டத்தரணி மீதும் குற்றவியல் வழக்குத் தொடரப்பட்டது. 2009 ஜனவரியில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவ்வழக்கைத் தடுத்து நிறுத்தியது. அடிமைத்தளையையும் விருப்பத்துக்கு மாறான ஊழியத்தையும் தடைசெய்யும் அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தத்தை நீதிமன்றம் அதற்கு ஆதாரமாகக் கொண்டது. வேலையை விட்டு விலகுவது, ஒப்பந்த மீறலாக இருந்தாலும், அதனளவில் குற்றமாகாது.

ஆகவே எஞ்சுவது பணப் பிரச்சினையே. அதிலும் எழுதப்பட்ட தொகை முழுவதையும் அறவிட்டுவிடலாம் என்றில்லை. அதே பின்னணியில் பிலிப்பைன்ஸ் தாதியர் 200க்கும் மேற்பட்டோர் சார்பில் தொடுக்கப்பட்ட வழக்கில், 25,000 டொலர் என்ற நிபந்தனைத் தொகை இழப்பீடு அல்ல, தண்டம் என்று புரூக்ளின் சமஷ்டி நீதிமன்றம் 2019 செப்டெம்பரில் தீர்ப்பளித்தது. ஆட்கடத்தலுக்கு எதிரான சட்டமும் மீறப்பட்டுள்ளதாக அது கண்டது. இழப்புக்கு ஈடு கேட்கலாம், வெளியேறாதிருக்க அச்சுறுத்தும் தண்டம் விதிக்கலாகாது என்ற பழைய ஒப்பந்தச் சட்டக் கோட்பாடே இங்கு உயிர் பெற்றது.

சட்டங்கள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகின்றன. நுகர்வோர் நிதிப் பாதுகாப்புப் பணியகம் 2023 ஜூலையில் இத்தகைய தொழிற்கடன்களின் ஆபத்துகள் பற்றி அறிக்கை வெளியிட்டது. எனினும் சமஷ்டி மட்டத்தில் உறுதியான தடை உருவாகவில்லை. இவ்வொப்பந்தங்களுக்கு எதிராகத் தொழில் உறவுகள் சபையின் தலைமைச் சட்டத்தரணி 2024 ஒக்டோபரில் வெளியிட்ட வழிகாட்டல்கூட 2025 பெப்ரவரியில் மீளப்பெறப்பட்டது. மாநிலங்களே முன்சென்றுள்ளன. 2025 டிசெம்பரில் நியூயோர்க் ஆளுநர் இவ்வகை ஒப்பந்தங்களுக்கு எதிரான சட்டமூலத்தில் ஒப்பமிட்டார். கலிபோர்னியாவின் முன்மாதிரி பற்றி இறுதியிற் கூறுவோம்.

எம்மவர் பலரின் நாட்டம் பிரித்தானியாவை நோக்கியே இருப்பதால் அங்குள்ள நிலையையும் குறிப்பிடுதல் தகும். வெளிநாட்டுச் சுகாதார ஊழியர்களை ஆட்சேர்ப்பதற்கான ஆங்கிலேய அரசின் நடத்தைக் கோவையில், செலவு மீளறவிடும் பிரிவுகள் பற்றிய விதிகள் 2022 இல் சேர்க்கப்பட்டன. தொகை முன்கூட்டியே வெளிப்படையாகக் கூறப்படவேண்டும், உண்மைச் செலவுக்கு ஏற்றதாகவும் காலத்துடன் குறைவதாகவும் இருக்க வேண்டும், ஊழியரின் நிலைமைக்கேற்ப நெகிழவும் வேண்டும் என்பது அவற்றின் சாரம்.

விலக முடிவு செய்துவிட்ட தாதி முதலிற் செய்யவேண்டியது, உரிய முன்னறிவித்தலை எழுத்தில் வழங்கி, தமது கடமைநேரங்களை முடித்துக் கொடுப்பது. நோயாளரைக் கைவிட்டார் என்ற பழி அவர்மீது விழாதிருக்க அதுவே காப்பு. அடுத்து, கேட்கப்படும் தொகைக்கான கணக்கை எழுத்தில் கோரலாம். அதே குழுமத்தின் வேறொரு வைத்தியசாலைக்கோ விடுதிக்கோ மாறுவதை ஒப்பந்தம் விலகலாகக் கொள்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். பலர் இவ்வழியைக் கவனிப்பதில்லை. தவணைமுறைக்கு நிர்வாகங்கள் இணங்குவதுமுண்டு. புதிய வைத்தியசாலை வழங்கும் இணைவுக் கொடுப்பனவால் பழைய கடனைத் தீர்ப்போரும் இருக்கின்றனர், ஆனால் அக்கொடுப்பனவின் பின்னாலும் பெரும்பாலும் இன்னொரு முறி காத்திருக்கும். இறுதிச் சம்பளத்திலிருந்து கழிக்க முடியுமா என்பது மாநிலச் சட்டத்தைப் பொறுத்தது. கடன் அறவிடும் முகவரின் கடிதத்தையோ நீதிமன்ற அழைப்பாணையையோ பதிலளிக்காமல் விடுவதே மிகப் பெரிய தவறு. எதிர்வாதம் எவ்வளவு வலுவானதாக இருப்பினும், தோன்றாதவருக்கு எதிராகத் தீர்ப்பு வழங்கப்பட்டுவிடும்.

இனி கலிபோர்னியா. நோயாளரை நேரடியாகப் பராமரிப்போருக்கு வைத்தியசாலை கட்டாயப்படுத்தும் பயிற்சியின் செலவை வைத்தியசாலையே ஏற்கவேண்டும் என்று 2020 இல் இயற்றப்பட்ட சட்டம் கூறுகின்றது. 2025 ஒக்டோபரில் ஆளுநர் ஒப்பமிட்ட இன்னொரு சட்டம், விலகினால் பணம் கட்ட வேண்டும் என்ற ஒப்பந்தங்களைப் பொதுவாகவே தடைசெய்தது. எங்கும் செல்லுபடியாகும் தகைமைக்காகச் செலவிடப்பட்ட தொகை போன்ற சிலவற்றுக்கே விலக்கு உண்டு. அதுவும் வேலைக்கான நிபந்தனையாகாத தனிப் பத்திரத்தில், காலத்துடன் குறையும் முறையில் எழுதப்பட வேண்டும். ஆனால் இப்புதிய சட்டம் 2026 ஜனவரி 1 முதல் செய்யப்பட்ட ஒப்பந்தங்களுக்கே பொருந்தும். அதற்கு முன்னர் ஒப்பமிட்டவர்கள் பழைய சட்டங்களையே நாட வேண்டியிருப்பதால், அங்கு பணியாற்றுவோர் தமது பத்திரத்தில் முதலிற் பார்க்கவேண்டியது தொகையையன்று, கையொப்பத்தின் கீழுள்ள திகதியையே.