முதுமைக்குச் சொத்துக் கணக்கா?

செங்கற்பட்டு ஜில்லாவின் தெற்குக் கோடியில் உள்ள செய்யூர்த் தாலூகாவை நமது வாசகர்களிற் பலர் கந்தசுவாமி கோயிலைக் கொண்டு அறிந்திருப்பார்கள். சிலர் ஆலம்பறைக் கோட்டையின் இடிந்த மதில்களைக் காணச் சென்றபோது அவ்வழியே கடந்திருப்பார்கள். நாம் இன்று எழுதப் புகுந்தது கோயிலைப் பற்றியோ கோட்டையைப் பற்றியோ அன்று. நெல் வயலிலும், வேர்க்கடலைக் கொல்லையிலும், உப்பளத்திலும், கடலோரக் குப்பங்களிலும் நாற்பது ஐம்பது வருஷ காலம் உழைத்து ஓய்ந்து, இன்று திண்ணையில் உட்கார்ந்திருக்கும் வயோதிகர்களைப் பற்றியே எழுதுகிறோம். இவர்களுக்குச் சர்க்கார் அளிக்கும் முதியோர் உதவித் தொகையைக் கொடுக்குமுன், “உனக்குச் சொத்து என்ன இருக்கிறது? உன்னைக் காப்பாற்ற யார் இருக்கிறார்கள்?” என்று கேட்பது நியாயந்தானா என்பதே விஷயம்.

நமது ராஜ்யத்தில் இத்திட்டம் புதியதன்று. 1962-ஆம் வருஷத்தில், மாதம் 20 ரூபாய் என்ற அளவில் இது தொடங்கப்பெற்றது. 2011-இல் அது 1,000 ரூபாயாகவும், 2023-இல் 1,200 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. இதனுடன் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வேட்டி சேலையும், மாதந்தோறும் இலவச அரிசியும் உண்டு. மத்திய சர்க்கார் 1995-ஆம் வருஷம் ஆகஸ்டு 15-ஆம் தேதி தேசிய முதியோர் உதவித் திட்டத்தை ஏற்படுத்தி, மாதம் 75 ரூபாய் தர முன்வந்தார்கள். 2007-இல் அத்திட்டத்துக்கு இந்திரா காந்தியின் பெயர் சூட்டப்பட்டபோது, எண்பது வயதுக்குட்பட்டோருக்கு அவர்களுடைய பங்கு 200 ரூபாயாக இருந்தது. அன்று முதல் விலைவாசி எத்தனை மடங்கு ஏறியது என்பதை நாம் சொல்ல வேண்டுவதில்லை. அந்த 200 ரூபாய் மட்டும் ஏறவில்லை.

தொகை சிறிது என்பது ஒரு குறை. அதனினும் பெரிய குறை, அச்சிறு தொகையை அடைவதற்குக் கடக்க வேண்டிய வாயில்கள். மத்திய சர்க்காரின் பங்கு வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளோருக்கே உரியது. நமது ராஜ்யத்திலோ மனுதாரர் ஆதரவற்றவராக இருக்க வேண்டும். அவருடைய அசையாச் சொத்தின் மதிப்பு ஒரு வரம்பைத் தாண்டலாகாது. அவ்வரம்பு முன்பு 50,000 ரூபாயாக இருந்து, பின்னர் ஒரு லட்சமாக்கப்பட்டது. மனு கொடுத்தபின் கிராம நிர்வாக அதிகாரி விசாரிக்கிறார். ரெவினியூ இன்ஸ்பெக்டர் விசாரிக்கிறார். முடிவில் சமூகப் பாதுகாப்புத் திட்டத்தின் தனித் தாசில்தார் உத்தரவிடுகிறார். உத்தரவு வந்த பின்னரும் அது நிலையானதென்று சொல்வதற்கில்லை. மறு பரிசீலனை என்ற பெயரால் நூற்றுக்கணக்கானோர் ஒரே மூச்சில் நீக்கப்படுவதும், கைத்தடி ஊன்றிய கிழவர்களும் கிழவிகளும் தாலூகாக் கச்சேரி வாயிலில் வெயிலில் நிற்பதும் தமிழ்நாட்டுக்குப் புதிய காட்சிகள் அல்ல.

உதாரணமாக, இடைக்கழிநாட்டுக் கடலோரத்தில் எழுபது வயதுள்ள மூதாட்டி ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மீன் கூடை சுமந்து குடும்பத்தைக் காத்தவர். கணவர் இறந்து பல வருஷங்கள் ஆயின. அவர் விட்டுச் சென்றது மூன்று சென்ட் மனையும் அதன்மேல் ஓர் ஓட்டு வீடும். கிழக்குக் கடற்கரைச் சாலை வந்தது. பட்டணத்துச் செல்வர்கள் கடற்காற்றுக்காக நிலம் தேடி வந்தார்கள். மண்ணின் விலை ஏறிற்று. அம்மூதாட்டியின் வீட்டுக் கூரை ஒழுகுவது நிற்கவில்லை. அடுப்பு இரு வேளை எரியத் தொடங்கவுமில்லை. ஆயினும், கணக்கின்படி அவர் ஒரு லட்ச ரூபாய் வரம்பைத் தாண்டிய ‘சொத்துக்காரர்’ ஆகிவிட்டார். வீட்டை விற்றால் பணம் வரும் என்பது மெய்யே. விற்றுவிட்டு அவர் எங்கே படுப்பது?

அவருக்கு ஒரு மகன் இருப்பதாகவும் கொள்வோம். சென்னையில் கட்டட வேலை. அவனுக்கும் மூன்று குழந்தைகள். மாதாமாதம் பணம் அனுப்ப எண்ணுகிறான், ஆனால் முடிகிறதில்லை. சர்க்காரின் கண்ணுக்கு அவர் ஆதரவுள்ளவர். பெற்றோரைக் காப்பது பிள்ளைகளின் கடமை என்று 2007-இல் ஒரு சட்டமே இயற்றப்பட்டிருக்கிறது. அக்கடமையை நாம் மறுக்கவில்லை. ஆனால் பெற்ற மகன்மேல் பிராது கொடுத்து, விசாரணைக்கு நின்று, ஜீவனாம்சம் பெறும்படி ஒரு தாயிடம் சொல்வது எளிது, அவளால் செய்யக்கூடியதன்று. நூற்றுக்குத் தொண்ணூறு தாய்மார்கள் பட்டினி கிடப்பார்களேயன்றி மகனைக் காட்டிக் கொடுக்க மாட்டார்கள். இவ்விஷயத்தில் அவர்களுடைய மௌனத்தை வசதிக்கு அத்தாட்சியாகக் கொள்வது நியாயமாகாது.

எதிர்க்கட்சி வாதத்தையும் நாம் கேட்க வேண்டும். அது அலட்சியம் செய்யத்தக்கதன்று. “சர்க்கார் பொக்கிஷம் வரி கொடுக்கும் ஜனங்களின் பணம். பங்களாவில் வாழும் கிழவருக்கும் பட்டினி கிடக்கும் கிழவிக்கும் ஒரே தொகை கொடுப்பது தர்மமா? எல்லாருக்கும் பகிர்ந்தால் உண்மையான ஏழைக்குக் கிடைப்பது குறையாதா?” என்று கேட்கிறார்கள். கணக்கும் அவர்கள் பக்கம் பேசுகிறது. மாதம் 1,200 ரூபாய் என்றால் ஒருவருக்கு ஆண்டுக்கு 14,400 ரூபாய். ஒரு லட்சம் பேருக்கு 144 கோடி. ஒரு கோடிப் பேருக்கு 14,400 கோடி. 2011-ஆம் வருஷத்து ஜனக் கணக்கிலேயே தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் அறுபது வயது கடந்தவர்கள். அவ்விகிதம் வருஷந்தோறும் ஏறி வருகிறது. ஆகையால் எல்லாருக்கும் கொடு என்று வாயால் சொல்லிவிட்டுப் பணத்துக்கு வழி சொல்லாமற் போவது பொறுப்புள்ள பத்திரிகையின் வேலையாகாது.

ஆயினும் இவ்வாதத்தில் ஓர் அடிப்படைப் பிழை இருக்கிறது. சொத்துப் பரிசோதனை பணக்காரனை வெளியே நிறுத்துகிறது என்று அது எண்ணிக்கொள்கிறது. நடப்பில் பரிசோதனை யாரை நிறுத்துகிறது? மனு எழுதத் தெரியாதவரை, தாலூகாக் கச்சேரிக்குப் பஸ் சார்ஜ் இல்லாதவரை, சிபார்சு செய்ய ஆள் இல்லாதவரை, கேட்டால் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுபவரை. நாலு பேரைத் தெரிந்தவர் நிலத்தை மகன் பெயருக்கு மாற்றிவிட்டு ஆதரவற்றவராகிவிடுகிறார். மெய் சொல்லும் கிழவிக்குச் சொத்து உண்டு. பொய் சொல்லத் தெரிந்தவருக்கு இல்லை. இடையில் தரகர்கள் முளைக்கிறார்கள். வரம்பு எவ்வளவு நெருக்கமாக இருக்கிறதோ, அவ்வளவுக்கு அவர்கள் வியாபாரம் செழிக்கிறது.

இந்த அனுபவம் நமக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தில் 1908-ஆம் வருஷத்துச் சட்டப்படி, எழுபது வயது கடந்தோருக்கு வாரம் 5 ஷில்லிங் உபகாரச் சம்பளம் ஏற்படுத்தப்பட்டபோது, அதற்கும் வருமான வரம்பு இருந்தது. 1931-க்குப் பின் வேலையில்லாதோருக்கு உதவி அளிக்கையில் வீட்டிலுள்ள மகன், மகள் சம்பாத்தியத்தையும் கணக்கிட்டார்கள். தகப்பனுக்கு உதவி கிடைக்கட்டும் என்று பிள்ளைகள் வீட்டை விட்டு வெளியேறிய கதைகள் அந்நாட்டில் இன்றளவும் கசப்போடு நினைக்கப்படுகின்றன. அந்நாடே அண்மையில் அதே பாடத்தை மறுபடியும் படித்தது. முதியோருக்குக் குளிர்காலத்தில் கணப்புச் செலவுக்கு அளிக்கப்பட்ட தொகையை, 2024-ஆம் வருஷம் ஜூலையில், மிக ஏழைகளுக்கு மட்டும் என்று அங்குள்ள சர்க்கார் சுருக்கினார்கள். ஒரு கோடிக்கு மேற்பட்டோர் பெற்றுவந்தது சுமார் 15 லட்சம் பேருக்குக் குறைந்தது. ஏழைகள் என்ற பட்டியலில் சேரத் தகுதி இருந்தும் மனுச் செய்யாதவர்கள் பல லட்சம் பேர் என்பது அப்போது வெளிச்சமாயிற்று. கூக்குரல் எழுந்தது. 2025 ஜூனில், ஆண்டு வருமானம் 35,000 பவுனுக்கு மேற்படாத முதியோர் அனைவருக்கும் அத்தொகை உண்டென்றும், மேற்பட்டோரிடமிருந்து அது வரியாகத் திரும்பப் பெறப்படும் என்றும் சர்க்கார் பின்வாங்கினார்கள். இந்தப் பின்வாங்கலில் நமக்கு ஒரு வழி தெரிகிறது. அதைப் பின்னர்ச் சொல்லுவோம்.

செல்வ நாட்டின் கதை நமக்குப் பொருந்தாது என்பவர்கள் நேபாளத்தைப் பார்க்கட்டும். நம்மிலும் ஏழையான அந்நாடு 1995-இல், 75 வயது கடந்த யாவருக்கும் மாதம் 100 நேபாள ரூபாய் என்று தொடங்கியது. தொகை அற்பம். ஆனால் வயதைத் தவிர ஏழை, பணக்காரன் என்ற கேள்வி எதுவும் அங்கே எழவில்லை. தொகையை உயர்த்துவதும் வயதைக் குறைப்பதும் பின்னர்ப் படிப்படியாக நடந்தன.

அயல்நாட்டுக்குப் போவானேன்? நமது தேசத்திலேயே கண்ணைத் திறக்கும் திருஷ்டாந்தம் ஒன்று உண்டு. சுதந்திரத்தின் இருபத்தைந்தாம் ஆண்டாகிய 1972-இல், விடுதலைப் போரில் சிறை சென்ற தியாகிகளுக்கு மத்திய சர்க்கார் உபகாரச் சம்பளம் ஏற்படுத்தினார்கள். அப்போது ஆண்டு வருமானம் 5,000 ரூபாய்க்கு மேற்படாத தியாகிகளுக்கே அது உண்டு என்று வரம்பு வைத்தார்கள். தேசத்துக்காகச் சிறை சென்றவர் தம் வறுமையை நிரூபித்துக் கையேந்துவதா என்ற கேள்வி நியாயமாகவே எழக்கூடியது. 1980-இல் அவ்வரம்பு எடுக்கப்பட்டது. உதவி என்றிருந்தது ‘சம்மானம்’ என்று பெயர் மாறிற்று. தொகை மரியாதைக்காக அளிக்கப்படுகிறது என்று சர்க்கார் ஒப்புக்கொண்டவுடனே, சொத்துக் கணக்குக் கேட்பது பொருத்தமற்றதாகிவிட்டது.

அரசாங்க உத்தியோகஸ்தரின் நிலையும் அத்தகையதே. ஓய்வு பெற்ற அதிகாரிக்கு எத்தனை வீடுகள், எத்தனை ஏக்கர் நிலம் என்று எவரும் கேட்பதில்லை. 1982-ஆம் வருஷம் டிசம்பரில் நகரா வழக்கில் தீர்ப்பளித்த சுப்ரீம் கோர்ட்டார், உபகாரச் சம்பளம் எஜமானன் தயவால் அளிக்கும் தானமன்று, செய்த சேவைக்கு உரியது என்று தெளிவாகச் சொன்னார்கள். அதை நாம் மனமாரப் போற்றுகிறோம். கச்சேரியில் முப்பது வருஷம் எழுதியது சேவையானால், அந்தக் கச்சேரியில் உள்ளோர் உண்ட நெல்லை விளைவித்ததும், அவர்கள் சோற்றுக்கு உப்பெடுத்ததும் என்ன? நமது மொழியிலேயே இவ்வேற்றுமை பதிந்து கிடக்கிறது. ஒருவருக்கு அளிப்பது ‘ஓய்வூதியம்’. மற்றவருக்கு அளிப்பது ‘உதவித் தொகை’. கூலிக்காரருக்கு ஓய்வும் இல்லை, ஊதியமும் இல்லை என்று சொல்லாமற் சொல்லுகிறோம். கூலிக்காரரும் தீப்பெட்டி முதல் சேலை வரையில் வாங்கும் ஒவ்வொன்றிலும் ஆயுள் முழுதும் வரி கொடுத்தவர் என்பதை மறக்கலாகாது.

தமிழ்நாடு இவ்விஷயத்தில் வழி தெரியாத நாடன்று. 1997-இல் மத்திய சர்க்கார் ரேஷனை ஏழை, ஏழையல்லாதார் என்று பிரித்தபோது, நமது ராஜ்யம் அப்பிரிவினையை ஏற்கவில்லை. அரிசி வேண்டாதார் சர்க்கரைக் கார்டு பெற்றுக்கொண்டு தாமே விலகினார்கள்; ஏழை எவரும் தம் ஏழ்மைக்குச் சாட்சி தேட வேண்டியிருக்கவில்லை. பள்ளிக்கூடத்துச் சத்துணவில் குழந்தையின் தகப்பனாருக்கு நிலம் எவ்வளவு என்று கேட்டுச் சோறு போடுவதில்லை. மத்திய சர்க்காரும் 2024 அக்டோபரில், எழுபது வயது கடந்த யாவருக்கும் வருமானம் கேளாமல் வைத்திய இன்ஷூரன்ஸ் அளிக்க முன்வந்தார்கள். நோய்க்கு வேண்டாத கணக்கு பசிக்கு மட்டும் எதற்கு?

நமது யோசனை இதுதான். ஏழையைத் தேடிப் பிடிக்கும் பரிசோதனையை விட்டுவிட்டு, வசதியுள்ளாரை விலக்கும் பரிசோதனையை வைக்கலாம். வருமான வரி கட்டுவோர் யார், சர்க்காரிடம் ஓய்வூதியம் பெறுவோர் யார் என்ற ஜாபிதாக்கள் சர்க்காரின் கையிலேயே இருக்கின்றன. அவ்விரு வகுப்பாரையும் நீக்கிவிட்டு, மற்ற முதியோர் அனைவருக்கும் வயது ஒன்றையே தகுதியாகக் கொள்ளலாம். நிரூபிக்கும் பாரம் கிழவியின் தலையிலிருந்து இறங்கிச் சர்க்காரின் மேசைக்குப் போகும். பணம் போதாதென்றால் முதலில் எழுபது வயது கடந்தோரில் தொடங்கி, ஆண்டுதோறும் வயதைக் குறைத்து வரலாம். அதற்குள் இப்போது பெற்று வருவோர் எவரும் இழக்கலாகாது. மத்திய சர்க்காரும் தங்கள் 200 ரூபாயை விலைவாசிக்கு ஏற்ப உயர்த்தினால் ராஜ்யத்தின் சுமை குறையும். முதுமையில் அரசாங்க உதவி பெறும் உரிமைக்கு, சக்திக்கு இயன்ற மட்டில் வழி செய்ய வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 41-ஆவது விதி கூறுகிறது. சக்திக்கு இயன்றது எது என்பதில் விவாதம் இருக்கலாம். உதவி பெறுவதை உரிமை என்றே அவ்விதி குறிப்பதை எவரும் மறுக்க முடியாது.

இதற்கிடையில் உடனே செய்யக்கூடியவை சில உண்டு. குடியிருக்கும் வீட்டைச் சொத்துக் கணக்கிலிருந்து நீக்க வேண்டும். மகன் இருக்கிறான் என்பதற்காக மனுவைத் தள்ளலாகாது. எவரையும் நீக்குமுன் அவருக்கு எழுத்து மூலம் காரணம் தெரிவித்து, ஊரிலேயே அவர் சொல்வதைக் கேட்க வேண்டும். இவற்றுக்குப் பெருஞ்செலவு இல்லை, மனமே வேண்டும்.

செய்யூர்த் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் மூதாட்டி யாரிடமும் யாசகம் கேட்கவில்லை. அவருடைய உழைப்பின் பலனை நாம் அனைவரும் உண்டிருக்கிறோம். மாதம் பிறந்தால் அத்தொகை வரும் என்று அவர் ஐயமின்றி நம்பும்படி செய்வது நமது கடமை. சென்னைச் சர்க்காரும் டில்லிச் சர்க்காரும் இதனைக் காலந்தாழ்த்தாது கவனிப்பார்களாக.