கரன்ட் போனாலும் விளக்கு எரிய வேண்டுமா? சோலார் வாங்கும் முன் கவனியுங்கள்!

‘மானியத்தில் மாடியில் சோலார் போட்டால், கரன்ட் இல்லாத நேரத்தில் லைட்டும் ஃபேனும் ஓடுமா?’ என்று சங்கரன்கோவில் பகுதி வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். பலருக்கும் உள்ள சந்தேகம்தான். மானியத்தில் பரவலாகப் போடப்படும் வகை, கரன்ட் போனதும் நின்றுவிடும் என்பதே நேரடியான பதில்.

மூன்று வகை

ஆன்-கிரிட் அமைப்பில் பேட்டரி இருக்காது. மின்வாரிய லைனோடு சேர்ந்தே ஓடும். லைனில் மின்சாரம் நின்றால், உச்சி வெயிலிலும் இதன் இன்வெர்ட்டர் தானாக அணைந்துவிடும். கம்பத்தில் ஏறி வேலை பார்க்கும் லைன்மேனுக்கு, நம் வீட்டிலிருந்து போகும் மின்சாரத்தால் ஷாக் அடித்துவிடக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு இது.

ஆஃப்-கிரிட் அமைப்பு, பேட்டரியில் சேமித்து வீட்டுக்குக் கொடுக்கும். ஹைபிரிட், இந்த இரண்டும் சேர்ந்தது, விலை கூடுதல்.

மானியம் யாருக்கு?

2024 பிப்ரவரியில் தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டத்தில், 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாய், 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம். லைனோடு இணைந்த அமைப்புக்கே இது கிடைக்கும். தனியாக ஓடும் ஆஃப்-கிரிட்டுக்குக் கிடையாது.

தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். அந்த அளவுக்குள் செலவழிக்கும் குடும்பத்துக்கு, ஆன்-கிரிட் சோலாரால் பெரிதாக மிச்சமாக ஏதுமில்லை. ஒவ்வொரு முறையும் பில் எகிறுகிறவர்களுக்கு அது லாபம். கரன்ட் தடைதான் பிரச்னை என்றால், பேட்டரி உள்ள சிறிய அமைப்பே போதும்.

கணக்கு போடுங்கள்

9 வாட் எல்.இ.டி. பல்பு மூன்று, 75 வாட் ஃபேன் இரண்டு, 60 வாட் டி.வி. ஒன்று. மொத்தம் 237 வாட். 12 வோல்ட், 150 ஏ.ஹெச். டியூபுலர் பேட்டரியின் கொள்ளளவு 1,800 வாட்-மணி. நீண்ட நாள் உழைக்க, அதில் பாதியை மட்டுமே எடுக்க வேண்டும். இன்வெர்ட்டரில் வீணாவது போக, மூன்று மணி நேரம் ஓடும். அதே ஃபேன்களை 30 வாட் பி.எல்.டி.சி. ஃபேனாக மாற்றினால், ஐந்து மணி நேரம் வரை தாங்கும். ஆக, பெரிய பேட்டரிக்கு முன் ஃபேனை மாற்றுங்கள்.

1 கிலோவாட் பேனல் நல்ல வெயிலில் நாளுக்கு சுமார் 4 யூனிட் தரும். இந்தப் பேட்டரிக்கு 500 வாட் பேனல் போதும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் உற்பத்தி வெகுவாகக் குறையும் என்பதால், லைன் கரன்டிலும் சார்ஜ் ஆகும் வசதி அவசியம்.

1 ஹெச்.பி. மோட்டார், ஸ்டார்ட் ஆகும்போது பல மடங்கு கரன்ட் இழுக்கும். சிறிய இன்வெர்ட்டரில் அதை மாட்டாதீர்கள். ஏற்கெனவே இன்வெர்ட்டர், பேட்டரி வைத்திருப்பவர்கள், பேனலும் சோலார் சார்ஜ் கன்ட்ரோலரும் மட்டும் சேர்த்தால் போதும். பேட்டரி வோல்டேஜுக்குப் பொருந்துகிற கன்ட்ரோலர்தானா என்று பாருங்கள்.

பொருத்தும்போது

பேனல் தெற்கு பார்த்து, சுமார் 10 டிகிரி சாய்வில் இருக்கட்டும். ஒரு தென்னை மட்டையின் நிழல் விழுந்தாலே உற்பத்தி சரியும். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் காற்றின் வேகம் இந்தப் பகுதியினருக்குத் தெரியும். ஸ்டாண்டைச் செங்கல் முட்டுக்கொடுத்து நிறுத்தாமல், கான்கிரீட்டில் போல்ட் போட்டு இறுக்கச் சொல்லுங்கள். எர்த்தும் இடிதாங்கியும் கட்டாயம். தூசியைக் காலையிலோ மாலையிலோ கழுவுங்கள். சூடான கண்ணாடியில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

முன்பணம் கொடுப்பதற்கு முன் விற்பனையாளரிடம் மூன்றை எழுத்தில் வாங்குங்கள்: கரன்ட் போனால் எவையெல்லாம், எத்தனை மணி நேரம் ஓடும்? பேனல், இன்வெர்ட்டர், பேட்டரி ஒவ்வொன்றுக்கும் வாரன்டி எத்தனை ஆண்டு? பழுதானால் நேரில் வந்து பார்ப்பது யார்?