தாளிப்புக்குக் கத்தும் அலாரம்

போன மாதம், ஊரிலிருந்து ஆக்லாந்துக்குப் படிக்க வந்திருக்கும் தம்பி ஒருவனின் வாடகை வீட்டுக்குப் போனேன். கூரையில் இருந்த புகை அலாரத்தின் மேல் குளியல் தொப்பி ஒன்றை மாட்டியிருந்தார்கள். "அண்ணா, கடுகு தாளிச்சாலே கத்துது" என்றான்.

எனக்குத் திட்ட வாய் வரவில்லை. மாணவனாக இருந்தபோது மூன்று படுக்கையறை வீட்டில் நாங்கள் ஏழு பேர், அதில் இருவர் கராஜில். நாற்காலி போட்டு ஏறி அலாரத்தைக் கழற்றியவன் நான்தான். இத்தனைக்கும் இன்ஜினியரிங் படித்தவன்!

2023 மே 16 அதிகாலையில் வெலிங்டனின் லோஃபர்ஸ் லாட்ஜ் விடுதி எரிந்து ஐந்து பேர் இறந்தார்கள். அங்கே தானியங்கி நீர்த்தெளிப்பான்கள் இல்லை. பழைய கட்டடம் என்பதால் சட்டமும் அதைக் கட்டாயமாக்கவில்லை. அலாரம் அடிக்கடி பொய்யாக ஒலித்துப் பழகியதால், அன்றும் அப்படித்தான் என்று நினைத்ததாகத் தப்பியவர்கள் சிலர் சொன்னார்கள். அதைப் படித்தபோது என் பழைய நாற்காலிதான் நினைவுக்கு வந்தது.

2016 ஜூலை முதல் நியூசிலாந்தின் வாடகை வீடுகளில் புகை அலாரம் கட்டாயம். ஒவ்வொரு படுக்கையறைக் கதவிலிருந்தும் 3 மீட்டருக்குள், அல்லது ஆள் தூங்கும் ஒவ்வொரு அறையிலும் இருக்க வேண்டும். பொருத்துவது உரிமையாளர் பொறுப்பு. அதைக் கழற்றாமல் இருப்பது நம் பொறுப்பு. கழற்றினால் சட்டத்தை மீறுவது நாம்தான்.

"கேட்டா வீட்டை விட்டு அனுப்பிடுவாங்க" என்ற பயம் எனக்கும் இருந்தது. உரிமையைக் கேட்டதற்காகப் பழிவாங்கி வெளியேற்றச் சட்டம் அனுமதிப்பதில்லை. ஆனால் ஒப்பந்தத்தில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இன்னொருவர் எடுத்த வீட்டில் சும்மா ஓர் அறையில் தங்கினால் இந்தப் பாதுகாப்பு பெரும்பாலும் கிடைக்காது.

தாளிப்புக்கும் வழி இருக்கிறது. புகைபோக்கி விசிறியைப் போடுங்கள், ஜன்னலைத் திறங்கள். அப்படியும் கத்தினால் அலாரத்தில் இருக்கும் பொத்தானை அழுத்துங்கள். பல அலாரங்கள் சில நிமிடம் வாயை மூடிக்கொள்ளும். சமையலறைக்குள் புகைக்குப் பதில் வெப்பத்தை உணரும் அலாரம் வைக்கச் சொல்லிக் கேளுங்கள். உண்மையிலேயே தீ என்றால் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே ஓடி, 111க்கு அழையுங்கள். லேப்டாப்பை எடுக்கத் திரும்பாதீர்கள்.

அன்று அந்தத் தொப்பியை நானே கழற்றினேன். பொத்தானை அழுத்திப் பார்த்தோம். சத்தமே வரவில்லை. பேட்டரி இல்லை.

ஊரில் இருக்கும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: போனில் "சாப்பிட்டியா?" என்று கேட்கும்போது, "அலாரம் வேலை செய்யுதா?" என்றும் கேளுங்கள்.